ஆஸ்பத்திரியில் வந்த கிருமி குழந்தைக்கும் ஒட்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. மதுரையில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்கும் டெஸ்ட்) கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்திருக்கிறது, பெரும்பாலான மருந்துகளுக்கு நேரே 'ஆர்' என்று இருக்கிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் போடுகிறார்கள். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை உண்டு. அவரை உசிலம்பட்டிக்கு அழைத்து வரலாமா?

பதில்: டிஸ்சார்ஜ் சொன்னதும் தாராளமாக அழைத்து வாருங்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் பரவும், அதனால் அப்பாவின் டயப்பரையோ யூரின் பையையோ தொட்டவர் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் போதும். பேரப்பிள்ளை தாத்தா மடியில் உட்காரலாம்.

'ஆர்' என்றால் அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது என்று அர்த்தம், அப்பா உடம்புக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலரும் தப்பாக நினைத்துப் பயப்படுகிறார்கள். கிளெப்சியெல்லா நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் குடலிலும் இருப்பதுதான், ஆனால் ஆன்டிபயாட்டிக் ஓயாமல் புழங்கும் இடத்தில் மருந்துக்குத் தப்பியதுதான் மிஞ்சும், மிஞ்சியது தப்பிக்கும் ஜீனைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அதனால்தான் 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒதுக்கி வைத்த கொலிஸ்டினை மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த டெஸ்டை அடிக்கடி பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

யூரின் டியூப் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேற 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. டியூபின் உட்சுவரில் பாசி மாதிரி படிந்துவிட்டால் மருந்து அதற்குள் சரியாகப் போகாது. ரவுண்ட்ஸ் வரும்போது "டியூபை இன்னைக்கு எடுத்துடலாமா டாக்டர்?" என்று தினமும் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைக்க விடாதீர்கள், பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும்.

அப்புறம் சொந்தக்காரர்கள். வேன் வைத்து வந்து, கோயில் திருநீறைப் பூசிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசுவார்கள். பாசம்தான். வார்டு வாசலிலேயே சானிடைசர் போட்டு, கை காயும்வரை தேய்க்கச் சொல்லுங்கள், போகும்போதும் ஒருமுறை.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் சும்மா கல்ச்சர் எடுத்துப் பார்க்காதீர்கள். அதே கிருமி மறுபடி தெரியலாம், தொந்தரவு இல்லாதபோது அதற்கு மருந்து தேவைப்படாது. நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சுக் குழறல், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், இந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.