பதில்: மனைவியின் எஃப்-1 விசா, ஷாங்காயில் ஒன்பது வாரமாக 'ரெஃப்யூஸ்ட்'

சகோ, ஷாங்காய் அமெரிக்கத் தூதரகத்தில் மனைவியின் எஃப்-1 (மாணவர்) விசா ஒன்பது வாரமாக 'ரெஃப்யூஸ்ட்', அதாவது மறுக்கப்பட்டது, என்றே காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பதறாதீர்கள். 221ஜி தாள் (விசா முடிவை நிறுத்திவைத்திருக்கிறோம் என்ற அறிவிப்பு) கொடுத்துப் பின்னணி ஆய்வுக்கு அனுப்பினாலும் இணையதளம் அப்படித்தான் காட்டும். ஆய்வு முடிந்ததும் அதுவே மாறும்.

உங்கள் மனைவி சீனக் குடிமகள், அதிலும் ரோபாட்டிக்ஸில் முனைவர் பட்டம் படிப்பவர். பாதுகாப்பு சார்ந்த முக்கியத் தொழில்நுட்பம் வெளியே போய்விடக் கூடாது என்று வாஷிங்டனில் பல துறைகள் பார்த்துச் சொன்ன பிறகே தூதரகம் விசா தரும். 2018 முதல் இத்துறைச் சீன மாணவர்கள் பலருக்கு ஓராண்டு விசாதான், ஊருக்குப் போனால் மறுபடி இதே கதை. கொடுமைதான்.

கையில் இருக்கும் தாளை இன்னொரு முறை படியுங்கள். 212எஃப் என்றோ 10043 என்றோ இருந்தால் அது தாமதமல்ல, 2020-இல் அமெரிக்க அதிபர் போட்ட ஆணைப்படி மறுப்பு. ராணுவத் தொடர்புள்ளதாக அமெரிக்கா கருதும் நிறுவனத்தில் முன்பு படித்திருந்தால் அது வரும். அப்போது வக்கீலிடம் போக வேண்டியதுதான்.

வெறும் 221ஜி என்றால், ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் விவரம், கட்டுரைப் பட்டியல் எல்லாம் கேட்டபடி போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். தினமும் மின்னஞ்சல் போடுவதில் பயனில்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. அமெரிக்காவுக்கு வெளியே ஐந்து மாதம் தாண்டினால் பழைய ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) செல்லாமல் போகலாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பாஸ்போர்ட் அவரிடமா, தூதரகத்திலா?