கழற்றி மாட்டும் திருவிழாப் பந்தல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடந்தோறும் பந்தலை வாடகைக்கு எடுக்கிறோம். லொறி ரோட்டோடு நின்றுவிடுவதால், சாமான்கள் அனைத்தையும் குறுக்குப் பாதையில் சுமக்க வேண்டியிருக்கிறது. இரும்பும் மூங்கிலும் கொண்டு, கழற்றி மாட்டக்கூடிய பந்தலொன்றை நாங்களே செய்துகொள்ள முடியுமா?
- வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: முடியும். நார் ஓடும் திசையில் இழுத்தாலும் அழுத்தினாலும் மூங்கில் நன்றாகத் தாங்கும். ஆணி அடித்தாலோ நெடுகப் பிளந்துவிடும். ஆகவே கழிகள் மூங்கிலாகவும், அவை சந்திக்கும் மூட்டுகளும் நிலத்தில் ஊன்றும் பாதங்களும் இரும்பாகவும் இருக்கட்டும்.

பலரும் தடுமாறும் இடம் இந்த மூட்டுதான். இரும்புக் குழாய்கள் ஒரே அளவில் கிடைக்கும். மூங்கிலோ ஒரே புதரில் வெட்டினாலும் ஒன்றைப்போல் ஒன்று இராது. மூங்கிலுக்கு மேலே இரும்பு உறை மாட்டப் பார்த்தால், கழிக்கு ஓர் உறை செய்ய நேரும். அடுத்த வருடம் எது எதற்கு என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். அதற்குப் பதிலாக, கழியின் இரு முனைகளுக்குள்ளும் ஒரே அளவான சிறு குழாயைச் செருகி, கணுவை ஒட்டித் துளையிட்டுக் குறுக்கே ஒரு போல்ட்டைச் செலுத்தி, உள்ளே எஞ்சும் வெளியைச் சீமெந்துச் சாந்தால் நிரப்பிவிடுங்கள். மூங்கில் பருத்திருந்தாலும் சிறுத்திருந்தாலும் வெளியே நீட்டி நிற்கும் இரும்பு முனை ஒரே அளவுதான். எந்தக் கழியும் எந்த மூட்டிலும் பொருந்தும். கொலம்பியக் கட்டடக் கலைஞர் சிமோன் வெலெஸ், 2000 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய மூங்கில் மண்டபத்திலும், போல்ட் செல்லும் கணுவிடைகளைச் சாந்தால் நிரப்பியே மூட்டுகளை உறுதிப்படுத்தினார்.

கழியின் நீளம் 10 அடியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் குறுக்குப் பாதையின் வளைவுகளில் திருப்ப முடியாது.

வெட்டுவதற்கு 3 முதல் 5 வயதான மூங்கிலே ஏற்றது. ஆற்றோரங்களில் கிடைக்கும் மஞ்சள் மூங்கிலில் மாச்சத்து அதிகம் என்பதால், மருந்திடாவிட்டால் விரைவில் உளுத்து, தட்டினால் வெள்ளை மாவு கொட்டும். உள்ளிருக்கும் கணுத் தடுப்புகளை நீண்ட கம்பியால் குத்தித் திறந்து, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். மிஞ்சும் கரைசலைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கமோ ஓடைக்கோ விட்டுவிடாதீர்கள். நமது பனிமூட்டத்தில் உலர்வதற்கு நாள் கூடுதலாகத்தான் பிடிக்கும், பொறுத்திருங்கள். ஈர மூங்கிலில் சாந்தை ஊற்றினால், பின்னர் மூங்கில் சுருங்கி வெடிக்கும். இந்த மருந்து மழையில் கரைந்து போகக்கூடியது. ஆதலால் கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும், மூங்கிலின் அடி நிலத்தைத் தொடாமல் இரும்புப் பாதத்தின்மேல் ஓர் அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும்.

கேள்வி: மூங்கில் பந்தல் இலேசானது. காற்று தூக்கிவிடாதா?
- வாசகி ஒருவர், தலவாக்கலை

பதில்: உங்கள் பயம் நியாயமானது. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழையோடு வரும் காற்று, கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். ஒவ்வொரு பாதத் தட்டையும் நீண்ட இரும்பு முளைகளால் நிலத்தோடு பிணைத்து, இரு திசைகளிலும் குறுக்குச் சட்டங்கள் பூட்டுங்கள். சனம் கூடும் இடமாதலால், முதல் தடவை எழுப்பும்போது கட்டடப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டே ஆட்களை உள்ளே விடுங்கள்.