சிங்கப்பூர் டு நியூயார்க்: ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து எங்கும் நிற்காமல் நியூயார்க் போக எவ்வளவு நேரம்? ராத்திரி 12 மணிக்குக் கிளம்பி அதே தேதி காலையில் இறங்கலாம் என்கிறான் என் தம்பி. கதை விடுகிறானா?

பதில்: கதை இல்லை, ஆனால் பாதியை மறைக்கிறான். சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு, உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து அளந்தால், சுமார் 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும், ஆனால் அட்டவணையில் 18 முக்கால் மணியை ஒட்டிப் போட்டிருப்பார்கள். காரணம், அந்த நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக்கைச் சுற்றிப் போகும். தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சம்.

சரி, தம்பி கணக்கு. 12 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6.45. நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே அதே தேதி காலை 6.45, குளிர்காலத்தில் 5.45. திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும்: திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால் புதன் விடியற்காலையில்தான் சிங்கப்பூர், செவ்வாய் வானத்திலேயே போய்விடும்.

அப்புறம், இதற்கென்றே 2018-இல் வந்த ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் வகை) விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது. மொத்தம் 161 சீட்தான். டிக்கெட் விலையைத் தம்பியிடமே கேளுங்கள்.