புத்தகப் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ரூலர் பைக்கா என்ற அச்சு அளவில் வருகிறது, இன்ச்சுக்கு எப்படி மாற்றுவது?

ரூலர் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். பாயின்ட், பைக்கா, இன்ச், மில்லிமீட்டர் என்று வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் முடிந்தது. ரூலரே காணோம் என்றால் கன்ட்ரோல் + ஆர். மேல் ரூலரும் பக்க ரூலரும் தனித்தனியாக மாறும். இரண்டும் சந்திக்கும் மூலையில் ரைட் கிளிக் செய்தால் சேர்ந்தே மாறிவிடும்.

ஆனால் இந்த மாற்றம் திறந்திருக்கும் ஃபைலுக்கு மட்டும்தான். நாளைக்குப் புது ஃபைல் திறந்தால் பழையபடி பைக்கா வந்து நிற்கலாம். அதற்கு எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, பிரிஃபரன்சஸில் யூனிட்ஸ் பகுதிக்குப் போய் மாற்றுங்கள். இனி திறக்கும் புது ஃபைல்களுக்கு அதுதான் அளவு.

இதைவிட முக்கியமான பழக்கம் ஒன்று உண்டு. அகலம், உயரம் போன்ற அளவுக் கட்டங்களில் வெறும் எண்ணை அடிக்காதீர்கள். ஒருமுறை ஒரு புத்தகத்தின் பின் அட்டையில் ஆசிரியர் படம் 3 இன்ச் அகலம் வேண்டும் என்று 3 மட்டும் அடித்தேன். ஃபைல் பைக்காவில் இருந்தது. 6 பைக்கா சேர்ந்தால்தான் 1 இன்ச். ஆக அரை இன்ச் அகலத்தில், தபால்தலையைவிடச் சின்னதாக மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எண்ணுக்குப் பின்னால் ஐ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்தையும் சேர்த்து அடித்திருந்தால், ரூலர் எதில் இருந்தாலும் இன்ச்சாகவே எடுத்துக்கொண்டிருக்கும். எம்எம் என்று அடித்தாலும் அப்படித்தான். கூட்டல்கூடச் செய்யும். அட்டை போடும்போது 11 இன்ச் + 12 எம்எம் என்று அப்படியே அடிப்பேன்: முன் அட்டையும் பின் அட்டையும் தலா 5.5 இன்ச், நடுவில் புத்தகத்தின் முதுகு 12 மில்லிமீட்டர். கால்குலேட்டரில் 25.4ஆல் பெருக்கி, தசமத்தைத் தின்றுவிட்டு, பிறகு முழிக்க வேண்டியதில்லை.

எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் மட்டும் பாயின்ட்டிலேயே விட்டுவிடுங்கள். 1 இன்ச்சுக்கு 72 பாயின்ட். 11 பாயின்ட் எழுத்தை மில்லிமீட்டரில் சொன்னால் யாருக்குப் புரியும்?

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஸ்கிரைபஸ் என்றால் ஜன்னலின் அடிப்பட்டையிலேயே அளவு மாற்றும் பெட்டி இருக்கிறது.

அப்புறம், இன்டிசைனில் இரண்டு ரூலரும் சந்திக்கும் அந்த மூலையைப் பிடித்து இழுத்தால் ரூலரின் பூஜ்யம் நகரும். முதுகை அளக்க வசதியாக இருக்கும் என்று அதை முதுகின் இடது ஓரத்துக்கு இழுத்தேன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் பின் அட்டையின் ஓரத்திலிருந்து அரை இன்ச்சில் பார்கோடு என்று இடமிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் எக்ஸ் கட்டத்தில் அடித்தால், அது முதுகைத் தாண்டி முன் அட்டையில், தலைப்பின் முதல் எழுத்து மேல் போய் உட்கார்ந்தது. ஃபைல் கெட்டுவிட்டது என்று அரை மணி நேரம் தேடினேன். மூலையில் டபுள் கிளிக் செய்ததும் பூஜ்யம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் முதல் வேலையாக அதே மூலையில் ரைட் கிளிக் செய்து பூஜ்யத்தைப் பூட்டிவிடுகிறேன்.