பிளாட்டினத்தின் மேல் ஒட்டியிருப்பது எது?

கேள்வி: கோவையில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். அமிலக் கரைசலில் மெத்தனாலை ஆக்சிஜனேற்றும் பிளாட்டின வினையூக்கியைச் சோதிக்கிறேன். அரை மணி நேரத்தில் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வினை நடக்கும்போதே பரப்பைக் கண்காணிக்க முடியுமா? மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியைப் பதித்து அதன் மின்தடையை அளக்கும் நானோகம்பிச் சில்லு எங்களால் ஆகுமா?

பதில்: முடியும் அம்மா. மின்னோட்டம் வினையின் வேகத்தைச் சொல்லும். பரப்பில் இடம்பிடித்திருப்பது எது என்பதற்குக் கம்பியின் மின்தடையைக் கேட்க வேண்டும்.

கீழ்பவானிப் பாசனத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரதான வாய்க்கால் கரையில் புல் முளைத்தால் வரத்தில் வித்தியாசம் தெரியாது. கொப்பு வாய்க்காலில் அதே புல் மண்டினால் கடைமடை காய்ந்துவிடும். பிளாட்டினக் கம்பி சுமார் 2 நானோமீட்டருக்கு மெலிந்தால் உள்ளே ஓடும் எலக்ட்ரான்கள் ஓயாமல் பரப்பில் மோதுகின்றன. அங்கே ஆக்சைடு படிந்தால் அவை சிதறும், தடை ஏறும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் செய்து காட்டினார்கள்.

சில்லில் ஒரு மின்சுற்று, கம்பியின் இரு முனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் கொடுத்துத் தடையை அளக்கும். இன்னொரு மின்சுற்று, குறிப்பு மின்முனையை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான மின்முனை) வைத்து வினையை நடத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். சிக்கல் கம்பியின் முனைகளைச் சுற்றோடு சேர்க்கும் தங்க இணைப்புகளில்தான். அவற்றைப் பாலிமர் பூச்சால் மூடி, கம்பி இருக்கும் இடத்தில் மட்டும் சிறு சாளரம் திறக்க வேண்டும். பூச்சில் ஊசித்துளை இருந்தாலும் தங்கம் கரைசலைத் தொடும். அந்தக் கசிவு மின்னோட்டம் உங்கள் அளவீட்டையே விழுங்கிவிடும். இந்த வேலைக்குத் தூய்மை அறை தேவை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் வெளிக் கல்லூரியினருக்கான நானோ மின்னணுப் பயனர் திட்டம் உண்டு, விண்ணப்பியுங்கள்.

பஸ் ஏறுமுன் இங்கேயே ஒரு சோதனை. மின்னோட்டம் இறங்கியதும் மின்னழுத்தத்தை ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாகக் கொண்ட அளவுகோலில் 1.2 வோல்ட் வரை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். மின்னோட்டம் மீண்டால் பரப்பை அடைத்தது பெரும்பாலும் மெத்தனால் வினையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. மீளாவிட்டால், மெத்தனால் இல்லாத அமிலத்தில் ஹைட்ரஜன் ஒட்டும் மின்னூட்டத்தை அளந்து, சதுர சென்டிமீட்டருக்கு 210 மைக்ரோகூலும் என வகுத்துப் பரப்பளவைக் கண்டுபிடியுங்கள். முதல் நாள் அளவைவிடக் குறைந்திருந்தால் பிளாட்டினம் உதிர்ந்திருக்கலாம், துகள்கள் திரண்டிருக்கலாம். அதற்குச் சில்லு உதவாது.

குளோரைடையும் சந்தேகியுங்கள். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு குறிப்பு மின்முனையிலிருந்து கசியும் துளி குளோரைடே பிளாட்டினத்தில் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் பாதரச சல்பேட் மின்முனைக்கு மாறுங்கள். கலத்தைக் கடைசியாக அலசுவது அயனி நீக்கிய நீராகவே இருக்கட்டும், ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம்.