விழித்திரை நோயும் மனச்சோர்வும்: இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்

குடியாத்தத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 63. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். லுங்கித் தறியிலேயே வாழ்நாளைக் கழித்தவர், விழித்திரை பாதிக்கப்பட்டு இழை கண்ணுக்குத் தெரியாமல் போனதால் சென்ற ஆண்டு தறியை விட்டுவிட்டார். லேசர் செய்தார்கள், கண்ணுக்குள் ஊசியும் போடத் தொடங்கினார்கள். இப்போது சில மாதங்களாக யாரிடமும் பேசுவதில்லை, ஊசி போடும் தேதிக்கு வர மறுக்கிறார், இன்சுலினையும் அடிக்கடி விட்டுவிடுகிறார். போதாக்குறைக்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் பூப்போட்ட சட்டையோடு பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறாராம். காற்று கருப்பு அண்டியிருக்கிறது, மந்திரித்துக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மனநல மருத்துவரிடம் காட்டினால் அவர் தரும் மாத்திரை மிச்சமிருக்கும் பார்வையையும் கெடுத்துவிடாதா? மகள் கேட்பது இந்த இரண்டையும்தான்.

முதலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது பெரும்பாலும் சார்லஸ் பானே நோய்க்குறி என்று மருத்துவத்தில் அழைக்கப்படுவதாகவே இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர். கண்புரையால் பார்வை மங்கிய தம் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை அவர் 1760-இல் எழுதி வைத்தார். தாத்தாவின் அறிவோ பேச்சோ சற்றும் பிசகவில்லை. விழித்திரையிலிருந்து வழக்கமாக வந்துகொண்டிருந்த செய்திகள் குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே உருவங்களை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் மங்கிய வெளிச்சத்திலும், வேலையில்லாமல் தனியே உட்கார்ந்திருக்கும்போதும் இவை அதிகம் தோன்றுகின்றன. இந்த உருவங்கள் பேசுவதில்லை, எந்த ஓசையும் எழுப்புவதில்லை. பார்ப்பவருக்கும், முதல்முறை திகைத்தாலும், அவை நிஜமல்ல என்பது விரைவில் புரிந்துவிடுகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் இதை வீட்டில்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள். உங்கள் அப்பா வாய்விட்டுச் சொன்னது நல்லது.

அவரிடம் கோபப்படாமல், பதறாமல் கேளுங்கள்: "அப்பா, அந்தப் பிள்ளைகள் ஏதாவது பேசுகிறார்களா? அவர்கள் நிஜமாகவே அங்கே இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?" இல்லை என்று பதில் வந்தால், இது கண் நோயின் பின்விளைவு, மனநோய் அல்ல என்று அவருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள், அந்த ஒரு விளக்கமே பலருக்கு நிம்மதி தருவதை நான் பார்த்திருக்கிறேன். உருவம் தெரியும்போது விளக்கைப் போடுவது, எழுந்து நடப்பது, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமும் சிலமுறை திருப்புவது ஆகியவை அதைக் கலைக்க உதவும். குரல் கேட்கிறது என்றாலோ, யாரோ கெடுதல் செய்ய வந்திருப்பதாக உறுதியாக நம்பினாலோ, இடமும் நேரமும் குழம்பினாலோ கதை வேறு. அப்போது முதலில் சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தாலே குழப்பம் வரும்; பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். திடீரென்று கரும்புள்ளிகளோ நூலாம்படை போன்ற இழைகளோ மிதப்பதாகவும், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைப்பதாகவும் சொன்னால், அதையும் இந்தப் பிள்ளைகளின் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். கண்ணுக்குள் இரத்தக்கசிவோ விழித்திரை விலகலோ ஏற்பட்டிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்த உருவங்கள் அல்ல, அவருடைய மௌனம்தான். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காலையில் கேட்டுக்கொண்டிருந்த வானொலியையும் இப்போது அணைக்கச் சொல்கிறார் என்று. பார்வை மங்கியவர் செய்தித்தாளை ஒதுக்குவது இயல்பு. காதால் கேட்டு மகிழ்ந்ததையும் வேண்டாம் என்பதற்குக் கண் காரணமாக முடியாது. அசதியும் தூக்கக் குறைவும் சர்க்கரையாலும் வரும் என்பதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆனால் பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை மனச்சோர்வு நோய் என்று சந்தேகித்து மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகிறது. பார்வை இழப்பும் தொழில் இழப்பும் சேரும்போது அது இன்னும் கூடுகிறது.

இந்தச் சோர்வு திரும்பவும் கண்ணைத்தான் தாக்குகிறது. மனம் விட்டுப்போனவர் இன்சுலினை மறக்கிறார், சாப்பாட்டு நேரம் தவறுகிறது, நடை நின்றுபோகிறது. நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் வேறு சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. விழித்திரையின் நடுப்பகுதி வீக்கத்துக்குப் போடும் ஊசி, தொடக்க மாதங்களில் மாதந்தோறும் தவறாமல் போட்டால்தான் பலன் தரும். இடையில் விட்டால் வற்றிய நீர் மறுபடி சேர்ந்துவிடும். ஆகவே மனச்சோர்வுக்குச் செய்யும் வைத்தியம் கண் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்று உங்கள் வீட்டார் கருத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இனிப்பைத் தின்றதால் வந்த வினை என்று அவர் காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ அவர் போய்வந்தால் மனம் ஆறும் என்றால் அழைத்துச் செல்லுங்கள்; அதற்காக ஊசித் தேதி மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. தயோரிடசின் என்ற மனநல மருந்து, நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கப்பட்டபோது விழித்திரையைப் பாதித்தது உண்மை. அதை உருவாக்கிய நிறுவனமே 2005-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று மனச்சோர்வுக்கு முதலில் எழுதித் தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை வழக்கமான அளவில் விழித்திரையைக் கெடுப்பவை அல்ல. ஆனால் இவை கண்மணியைச் சற்று விரியச் செய்யக்கூடும் என்பதால், கண்ணின் முன்னறைக் கோணம் (கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி) குறுகலாக இருப்பவர்களுக்குக் கண் அழுத்தம் சட்டென்று ஏறும் வாய்ப்புண்டு. அப்பாவுக்குக் கோணம் எப்படி இருக்கிறது என்று கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மனநல மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேரும்போது இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

இனி எங்கே காட்டுவது என்று சொல்கிறேன். வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதால் அலைச்சல் குறையும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் காட்டுவதானால், கண்ணுக்கு ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனை, மனத்துக்குப் பாகாயத்திலுள்ள மனநல மையம். 1957-இல் தொடங்கிய அந்த மையம், குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்றது. எங்கே போனாலும் கண் சீட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அப்பா கிளம்ப மறுத்தால், 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், இன்சுலினையும் மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்று, அவருடைய கைகளுக்கு வேலை வேண்டும். தறியில் இழை பார்க்க முடியாது என்றாலும், ராட்டையில் தார் (ஊடை நூல்) சுற்றுவது போன்ற, விரல் பழக்கத்தால் ஆகும் வேலைகளை அவரால் இன்னும் செய்ய இயலுமா என்று பாருங்கள். திண்ணையில் வெளிச்சம் அதிகமுள்ள விளக்கைப் போட்டுக் கொடுங்கள். கண் பிரிவில் குறைபார்வைக்கான உருப்பெருக்கிகளைப் பற்றிக் கேளுங்கள். இரு கண்களையும் சேர்த்து மதிப்பிட்ட பார்வைக் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறத் தகுதி உண்டு. பேருந்துக் கட்டணச் சலுகை முதலியவற்றுக்கு அது தேவைப்படும் என்பதால், அடுத்த ஊசிக்குப் போகும்போதே அதற்கான சான்றிதழையும் கேட்டுவிடுங்கள்.