ஓவியரின் ஊரில் ஓவியக் கண்காட்சி

கேள்வி: பல்கேரியாவின் தேசிய ஓவியக் கண்காட்சி ஒன்று தலைநகர் சோஃபியாவில் நடக்காமல் கியூஸ்தெந்தில் நகரில் நடப்பது ஏன்?

பதில்: அது பல்கேரிய ஓவியர் விளாதிமிர் திமித்ரோவின் மண். 1882-ல் அருகிலுள்ள ஃப்ரோலோஷ் கிராமத்தில் பிறந்தவர். மக்கள் அவரை 'மாய்ஸ்தோரா' (ஆசான்) என்றே அழைத்தார்கள். கண்காட்சியும் அவர் பெயரில்தான். அங்குள்ள கலைக்கூடம் 1944-ல் தொடங்கியது. தனிக் கட்டடம் 1972-ல் கிடைத்தது. அவர் வரைந்த கிராமத்துப் பெண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்: நேர்ப்பார்வை முகம், பின்னால் நெருக்கமாகப் பூக்கள் அல்லது ஆப்பிள்கள். தேவாலயத் திருவுருவத்தின் ஒளிவட்டம்போலவே இருக்கும்!

கண்காட்சிக்குப் படம் அனுப்புவோருக்கு ஒன்று: தடித்த எண்ணெய் வண்ணம் காய 6 முதல் 12 மாதம் ஆகும். அவசரப்பட்டு வார்னிஷ் பூசினால், அடியில் வண்ணம் காயக் காய மேற்பூச்சு வெடிக்கும்.